கண்டி மலைமேல் ஒரு விசித்திர மாளிகை

கண்டி ஏரிக்கு மேலே, குன்றின் சரிவில் ஒரு பழைய மாளிகை. முன்னர் ‘சாலே’ விடுதியாயிருந்த அதற்கு உரிமையாளர் ஹெல்கா த சில்வா ‘ஹெல்காஸ் ஃபாலி’ எனப் பெயர் சூட்டினார். ‘ஃபாலி’ என்றால் பேதைமை. கட்டடக் கலையிலோ, பயன் கருதாது அழகுக்காகவே எழுப்பிய கட்டடம். ஈண்டு இரு பொருளும் பொருந்தும்.

சுவர்களில் வெற்றிடம் காண்பதரிது. ஓவியங்கள், குடும்ப நிழற்படங்கள், மான்கொம்புகள். விளக்குத் தண்டுகளில் உருகிய மெழுகு விழுதாய்த் தொங்கியது. பிறர் வீட்டு நினைவுகளுக்கு நடுவே உறங்குவதற்கு விருந்தினர் வாடகை கொடுத்தனர்! 2003இல் வேல்ஸ் நாட்டு ஸ்டீரியோஃபோனிக்ஸ் குழுவினர் ‘மேடம் ஹெல்கா’ என்று பாட்டே இசைத்தனர்.

ஹெல்காவின் பாட்டனார் ஜோர்ஜ் ஈ. த சில்வா, அரசாங்க சபையில் சுகாதார அமைச்சர். அத்தை மினெட், இலங்கையின் முன்னோடிக் கட்டடக் கலைஞர். மழை மிகுந்த கண்டியில் ஆளில்லா வீடு விரைவில் அழியும். மினெட் வாழ்ந்த இல்லம், 1998இல் அவர் மறைந்தபின் பாழடைந்தது. மருமகளின் மாளிகைக் கூரையைத் தாங்கியது அந்த வாடகைதான் எனலாம்.