ஆமை வளர்க்க ஆசைப்படும் முன்

சென்ற மாரியில் பக்கத்து வீட்டுப் பெடியன் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் படலைக்கு வந்தான். "ரீச்சர், இதைப் பாருங்கோ. மாமா மன்னாரிலையிருந்து கொண்டு வந்தவர். நான் வளர்க்கப் போறன். என்ன சாப்பாடு குடுக்கிறது?" என்று கேட்டான்.

எட்டிப் பார்த்தேன். உள்ளங்கை அளவில் ஒரு நட்சத்திர ஆமை. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரங்களாக விரிந்திருந்தன. காணிக்குப் பற்றை வெட்டிய இடத்தில் அகப்பட்டதாம். வாளிக்குள் பாலில் நனைத்த பாண் துண்டுகளும் கிடந்தன.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அவனுடைய அம்மம்மா ஏசியிருக்கிறா. வீட்டுக்குள் புகுந்த ஆமை உருப்படுமா என்று கேட்டிருந்தால் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

எங்கள் வீட்டிலும் ஓர் ஆமை இருந்தது. அப்பா ஓட்டின் ஓரத்தில் துளையிட்டு, கயிறு கோத்து, முருங்கையில் கட்டியிருந்தார். அந்தக் காலத்தில் அதை ஒருவரும் கொடுமையாக நினைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது நாங்களும் சண்டிலிப்பாயை விட்டு வெளிக்கிட்டோம். மாட்டையும் ஆட்டையும் அவிழ்த்து விட்டோம். நாய் கொஞ்சத் தூரம் பின்னால் வந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் நெரிபட்டு நிற்கும்போதுதான் தம்பி, "ஆமையை அவிழ்க்கேல்லை" என்றான். திரும்பிப் போக வழி இல்லை. 1996 மே மாதம் வீட்டுக்கு வந்தபோது முருங்கை முறிந்து கிடந்தது. கயிற்றின் நுனியில் வெறும் ஓடு இருந்தது.

மனிதர்களை இழந்தவர்கள் நடுவே ஆமைக்கு அழுவதா என்று நான் வாய் திறக்கவில்லை. ஆனால் உயிரியல் படிப்பிக்க வந்த பிறகு, ஊர்வனவற்றை வளர்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் அந்தக் கயிறுதான் நினைவுக்கு வரும். அந்தப் பெடியனிடம் நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

இது எங்கிருந்து வந்தது?

முதற் கேள்வி இதுதான். நட்சத்திர ஆமை இலங்கையின் வறண்ட வலயத்திலும் இந்தியாவின் சில பகுதிகளிலும் வாழ்வது. இங்கே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். "நான் காசுக்கு வாங்கவில்லை, கண்டெடுத்தேன்" என்பது பதிலாகாது.

இந்த ஆமையின் அழகே அதற்கு எதிரி. பயணப் பைகளுக்குள் அடைத்து நாடு கடத்தப்படும் ஆமைகளில் இது முன்வரிசையில் நிற்கிறது. அதனால் 2019 ஓகஸ்டில் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், இலங்கையும் இந்தியாவும் மற்றும் சில நாடுகளும் கேட்டுக்கொண்டதன் பேரில், இது முதலாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. காட்டில் பிடித்த நட்சத்திர ஆமையை நாடு விட்டு நாடு கொண்டுபோய் விற்க இனி இடமில்லை.

அதன் உடம்பு என்ன கேட்கிறது?

ஊர்வன எங்களைப் போல உடற்சூட்டைத் தாமே உண்டாக்குவதில்லை. வெயிலில் காய்ந்து சூடேற்றி, நிழலில் ஒதுங்கித் தணிக்கின்றன. வாளிக்குள் இருக்கும் ஆமைக்கு இந்த இரண்டும் இல்லை. சூரியனின் புறஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் விற்றமின் டி உருவாகும். அது இருந்தால்தான் உண்ணும் கல்சியம் எலும்பில் சேரும். வெயில் படாமல் வளரும் ஆமையின் ஓடு மெதுவாகி நெளிந்துவிடும்.

நட்சத்திர ஆமையின் உணவு புல், இலை, பூ, கீழே விழுந்த பழம். பாணும் பாலும் சோறும் அதன் குடலுக்கு உரியவை அல்ல. ஓடு என்பது சட்டை அல்ல, உயிருள்ள எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அதோடு ஒட்டியிருக்கின்றன. துளையிட்டால் வலிக்கும், கிருமி புகும். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் அந்தத் துளையைப் போட்டிருக்கமாட்டார்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

ஊர்வன பலவற்றின் குடலில் சல்மொனெல்லா என்ற பக்றீரியா இருக்கும். ஆமைக்கு ஒன்றும் செய்யாது. மனிதருக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் தரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல. நான்கு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975இலேயே தடைசெய்தது இதனால்தான். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறையில் ஊற்றக்கூடாது.

எவ்வளவு காலம், யார் பார்ப்பது?

எங்கள் சனம் அதிகம் யோசிக்கவேண்டிய கேள்வி இது. நன்றாகப் பார்த்தால் ஆமை முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். அந்தப் பெடியனுக்குப் பதின்மூன்று வயது. "ஏ லெவல் முடிய கனடா போவன்" என்று இப்போதே சொல்கிறான். பிறகு யார்? அம்மம்மாவா?

கனடாவிலும் லண்டனிலும் உள்ள புலம்பெயர் உறவுகளின் பிள்ளைகளும் கடையில் பல்லியையோ பாம்பையோ காட்டிக் கேட்கிறார்கள். பண்ணையில் பிறந்தது என்பதற்குப் பத்திரம் உண்டா, ஊர்வனவற்றுக்கு மருத்துவம் செய்யத் தெரிந்த வைத்தியர் பக்கத்தில் உண்டா, குளிர்காலம் முழுவதும் விளக்கு எரிக்கும் மின்கட்டணம் தாங்குமா, வீடு மாறினால் என்ன செய்வது என்று முதலில் கேளுங்கள். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அவுஸ்திரேலியாவில் வெளிநாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்கவே முடியாது.

வேண்டாமென்றால் விட்டுவிடலாமா?

கூடாது. மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் சிவப்புக் காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்துக்கு உரியது. குத்திக் காசளவில் வாங்குவோம். சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வளர்ந்ததும் குளத்தில் விடுவோம். அது அங்குள்ள ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அதன் இறக்குமதியையே நிறுத்தியது. வழுக்கையாற்றில் அதை விட்டால் எங்கள் பாலாமைக்குத்தான் கேடு. நட்சத்திர ஆமையையும் கண்ட இடத்தில் விடக்கூடாது. வேறோர் இடத்து நோயை அது கொண்டுபோகலாம். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிப்பதே வழி. 1992 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

எங்கள் ஊரில் சீரணி நாகபூஷணி அம்மன் இருக்கிறாள். நாகத்தைக் கும்பிடுகிறோம், அதைப் பிடித்துப் பெட்டியில் அடைத்து வைப்பதில்லை. அதன் புற்று அதற்கு, எங்கள் வீடு எங்களுக்கு. ஆமைக்கும் அந்த மரியாதை போதும்.

பெடியன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அதின்ரை வீடு மன்னாரிலையோ ரீச்சர்?" என்றான். ஓம் என்றேன். மறுநாள் மாமாவும் அவனும் ஆமையைத் திணைக்களத்தாரிடம் ஒப்படைத்தார்கள். வெறும் வாளியோடு திரும்பி வந்தவனுக்கு முகம் வாடித்தான் இருந்தது. நான் அவனுக்கு அந்தக் கயிற்றின் கதையை அன்றுதான் சொன்னேன்.