சதை எடுத்து அனுப்பியாச்சு

பயாப்ஸி கொடுத்துவிட்டு வந்த பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, “நல்லதா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பாங்கல்ல?” என்றுதான். நோயியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகப் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால், எங்கள் தெருவில் யாருக்கு என்ன டெஸ்ட் எடுத்தாலும் ஃபைல் எங்கள் வீட்டு டீப்பாய்க்கு வந்துவிடும். இப்போது வந்திருப்பது எதிர்வீட்டு அக்காவுடையது. மாதவிடாய் நின்று சில வருடம் கழித்துத் திடீரென்று இரத்தம் பட்டிருக்கிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருப்பதாக வந்தது. உள்ளேயிருந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா போட்டு வைத்திருந்த கணக்கு இது. சர்க்கரைக்கு காலையில் இரத்தம் கொடுத்தால் மதியம் ரிசல்ட் வருகிறது. இது வரவில்லை. ஆகவே அவர்கள் எதையோ பார்த்துவிட்டார்கள், சொல்லத் தயங்குகிறார்கள். “தெரிஞ்சாக்கூடப் பரவாயில்லை. இந்த நாளை ஓட்ட முடியலை” என்றார். சும்மா “ஒண்ணும் இருக்காது, தைரியமா இருங்க” என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தச் சின்ன பாட்டில் போகும் பாதை. டீ போட்டு வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன்.

பாட்டிலில் இருப்பது 10 சதவீத ஃபார்மலின். எடுத்த சதை அழுகாமல் நிறுத்தி, அதைக் கெட்டிப்படுத்துவது அதன் வேலை. ஃபார்மலின் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும், மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அவசரப்பட்டு எடுத்தால் நடுப்பகுதி பதப்படாமல் போய், பிறகு மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரியாது. “அவருதான் பஸ்ஸுல லேபுக்குக் கொண்டுபோனாரு. ஃபிரிட்ஜில வைக்காததால கெட்டுப்போயிருக்குமோ?” என்று அக்கா நடுவில் கேட்டார். கெடாது. ஃபார்மலினில் போட்டதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதே இல்லை. மூடி இறுக்கமாக இருந்ததா, பாட்டில் மேல் பெயரும் ஓ.பி. நம்பரும் சரியாக இருந்ததா, இவைதான் முக்கியம்.

லேபுக்கு வந்ததும் மருத்துவர் வெறும் கண்ணால் பார்த்து, நிறம், அளவு எல்லாம் எழுதுவார். கர்ப்பப்பையில் சுரண்டி எடுத்தது பொடிப்பொடியாக இருக்கும். ஒரு துணுக்கும் தொலையக் கூடாது என்று வடிகட்டும் தாளில் பொதிந்து, நம்பர் போட்ட சின்ன பிளாஸ்டிக் கேசட்டில் வைப்போம். சாயங்காலம் அது மெஷினுக்குள் போகும். முதலில் ஆல்கஹால், கொஞ்சம் கொஞ்சமாக வீரியம் கூட்டி. அதனால் சதையிலிருக்கும் தண்ணீர் வெளியேறும். பிறகு ஆல்கஹாலை வெளியேற்ற ஸைலீன். கடைசியில் சுமார் 60 டிகிரிச் சூட்டில் உருகிய மெழுகு, தண்ணீர் இருந்த இடத்தில் போய் உட்காரும். பெரும்பாலான லேப்களில் இதற்கு ஒரு ராத்திரி முழுக்க ஆகும். இவ்வளவு பாடு எதற்கு என்றால், பழுத்த தக்காளியைத் தாள் மாதிரி நறுக்கப் பார்த்தால் நசுங்கிப் போகுமே, பச்சைச் சதையும் அப்படித்தான். மெழுகு ஏறினால்தான் கத்திக்கு நிற்கும்.

மறுநாள் அதை மெழுகுக் கட்டியாக வார்த்து, குளிர வைத்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் சீவுவோம். மூன்று, நான்கு மைக்ரான் தடிமன், தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. கத்தியிலிருந்து ரிப்பன் போல நீளமாக வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டால் சுருக்கம் தானாக விரியும். விரிந்த நொடியில் அடியில் கண்ணாடித் தகடைக் கொடுத்து ஏந்திக்கொள்ள வேண்டும். பார்த்தால் சுலபமாகத் தெரியும், கை பழக மாதக்கணக்கில் ஆகும். ஒரு மடிப்பு விழுந்தாலும் மறுபடி சீவ வேண்டியதுதான். அதற்குப் பிறகு சாயம். ஹெமட்டாக்ஸிலின் செல்லின் உட்கருவை நீலமாக்கும். அது மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து எடுக்கும் சாயம். ஈயோசின் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும். இத்தனையும் முடிந்துதான் ஸ்லைடு நோயியல் மருத்துவரின் மேசைக்குப் போகிறது. அதுவரை அந்தச் சதைக்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. முதல் சில நாள் யாரும் எதையும் மறைக்கவில்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அக்கா விடவில்லை. “சரி, பார்த்த பிறகும் லேட்டானா?” ஆகும். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வரும், பண்டிகை லீவு வரும், ஒரே மருத்துவரிடம் நூறு ஸ்லைடு சேரும். சில நேரம் அதே மெழுகுக் கட்டியில் இன்னும் ஆழமாகச் சீவிப் பார்க்கச் சொல்வார்கள், வேறு சாயம் போடச் சொல்வார்கள், கூட இருக்கும் மருத்துவரிடம் காட்டுவார்கள். அப்படிச் செய்தால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை. சந்தேகத்தை உறுதிப்படுத்த எவ்வளவு செய்கிறார்களோ, அவ்வளவு அதை விலக்கவும் செய்கிறார்கள். கூட அனுப்பும் படிவத்தில் தகவல் விட்டுப்போனாலும் தாமதமாகும். மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் பெண்ணுக்குக் கடைசியாக வந்த தேதி கட்டாயம் வேண்டும். உட்சுவர் மாதம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். எந்தக் கட்டத்தில் எப்படித் தோன்றும் என்று 1950-இல் நோயிஸ், ஹெர்டிக், ராக் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். ஹார்மோன் மாத்திரையோ, மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபெனோ சாப்பிட்டால் அதையும் சொல்லியாக வேண்டும். படிவத்தில் இது இருக்கிறதா என்று நீங்களே கேட்கலாம், தப்பே இல்லை.

எண்ணிக்கையைப் பற்றியும் பேசினோம். அக்காவின் தங்கை மகள் போனில் எங்கோ படித்துவிட்டு, “பத்துல ஒன்பது” என்று சொல்லிக் கலக்கியிருந்தாள். அந்த எண் பொய்யில்லை, தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரத்தப்போக்கு இருக்கிறது. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு வந்த பெண்களை எடுத்துக்கொண்டால், அவர்களில் சுமார் 9 சதவீதம் பேருக்குத்தான் புற்றுநோய். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வந்த முடிவு அது. மற்றவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் வயதால் உட்சுவர் மெலிந்து உலர்ந்துபோவது, இல்லையென்றால் பாலிப், இல்லையென்றால் வெறும் தடிப்பு. அக்காவுக்கு ஸ்கேனில் தடிப்பு இருப்பதால் அந்த 9 அவருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பத்தில் ஒன்பது என்று நினைத்து அவர் ராத்திரியெல்லாம் விழித்திருப்பது மட்டும் நியாயமே இல்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். ரிப்போர்ட்டில் “சாம்பிள் போதவில்லை” என்று வரலாம். பலர் அதைப் பார்த்து இடிந்துபோகிறார்கள். உட்சுவர் மெலிந்திருந்தால் சுரண்டினாலும் அதிகம் கிடைக்காது, அவ்வளவுதான். ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்து, மறுபடி எடுப்பதா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வார். சிஏ-125 இரத்தப் பரிசோதனையும் இப்படிப் பயமுறுத்தும் ஒன்று. 35-க்கு மேல் போனாலே சினைப்பைப் புற்றுநோய் என்று நினைத்துவிடுகிறோம். ஃபைப்ராய்டு கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய், ஏன், மாதவிடாய் நாளில்கூட அது ஏறும்.

“தெரிஞ்சாக்கூடப் பரவாயில்லை” என்று அக்கா சொன்னாரே, அது பலவீனம் இல்லை. 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் பாறைகள். அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, பாதிக்குப் பாதி என்று இருந்தபோதுதான் அவர்களுக்கு அதிகம் வியர்த்தது, கண்மணி அதிகம் விரிந்தது. உடம்பு அப்படித்தான் செய்யும்.

கலிஃபோர்னியாவில் கேட் ஸ்வீனி என்ற உளவியல் பேராசிரியர் காத்திருப்பதையே ஆராய்கிறவர். வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நாலு மாதம் முடிவுக்குக் காத்திருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார். கவலை தொடக்கத்திலும் கடைசி நாட்களிலும்தான் உச்சத்தில் இருந்தது, நடுவில் தணிந்தது. அவர்கள் மனதை அடக்க எடுத்த முயற்சிகள் பெரிதாகப் பலன் தரவில்லை. தவித்துக் காத்திருந்தவர்கள் கெட்ட செய்தி வந்தபோது மற்றவர்களைவிட நன்றாகச் சமாளித்தார்கள், நல்ல செய்தி வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டார்கள். “நான் தைரியமா இல்லையே” என்று தன்னையே திட்டிக்கொள்ளும் பெண்களுக்கெல்லாம் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். பயத்தோடு காத்திருந்தாலும் காத்திருப்பதுதான்.

ஸ்வீனி கண்ட இன்னொரு விஷயம், ஆழ்ந்து செய்யும் வேலை நாளைக் கொஞ்சம் நகர்த்தித் தருகிறது என்பது. இங்கே நம் வீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. சமையலும் பாத்திரமும் கைக்குப் பழகிப்போன வேலை. கை தன்பாட்டுக்குச் செய்யும், மனசு தன்பாட்டுக்கு ஓடும். கொஞ்சம் கஷ்டமான வேலையாக இருக்க வேண்டும். அக்கா நன்றாகத் தைப்பார். புது மாடலில் பேத்திக்குப் பாவாடை சட்டை வெட்டச் சொன்னேன். அளவு பிசகினால் துணி வீணாகும் என்ற எச்சரிக்கை இருக்கும்போது வேறு நினைப்பு அவ்வளவாக வராது. ராத்திரி மூன்று மணிக்குப் போனில் தேடும் ஆசை வந்தால், தேடப்போகும் கேள்வியை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு டாக்டரிடம் கேட்கலாம்.

மனதில் இருக்கும் இந்தப் பயத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்றார் அக்கா. எல்லோருக்கும் சொல்ல வேண்டாம், ஒரே ஒருவருக்காவது சொல்லுங்கள் என்றேன். கேட்டதும் “ஐயோ” என்று தலையில் கை வைக்காத ஒருவர். ரிசல்ட் வாங்கப் போகும்போது அவரும் கூட வர வேண்டும். கனமான ஒரு சொல் காதில் விழுந்த பிறகு டாக்டர் சொல்லும் மற்றது எதுவும் மண்டையில் ஏறாது. கூட வந்தவர் எழுதிக்கொள்ளட்டும்.

எனக்கு உண்மையில் பயம் இருப்பது வேறு இடத்தில். “ஒண்ணும் சொல்லலை, அப்ப நல்லதாத்தான் இருக்கும்” என்று ரிசல்ட் வாங்கவே போகாமல் விட்டுவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். விளைச்சல், பேரன் காதுகுத்து, மாமியார் உடம்பு என்று தள்ளிப்போகும். இப்படித் தள்ளிப்போவதற்கு இடம் குறைத்த ஒரு ஆய்வு நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார்கள். வெள்ளையாகத் தெரிந்தால், பொருத்தமானவர்களுக்கு அன்றைக்கே உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007-இல் லான்செட் இதழில் வந்த முடிவுப்படி, இப்படிப் பார்த்த ஊர்களில், பார்க்காத ஊர்களைவிடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. பார்த்த அன்றே சிகிச்சையும் கிடைத்ததால் திரும்பி வராமல் தொலைந்துபோகும் வழி குறைந்தது. உட்சுவர் சதைக்கு அந்த வசதி இல்லை. அதனால் என்ன தேதிக்கு, எந்த கவுண்டரில், யாரிடம் கேட்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டி ஒரு நாள் ஆனாலும் போன் செய்யுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைக்க வேண்டாம், அது உங்கள் சதை.

காத்திருக்கும்போதே ஓட வேண்டிய நேரமும் உண்டு. மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவு இரத்தம், காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், தாங்க முடியாத வயிற்றுவலி, தலைசுற்றி விழுதல், இதில் எது வந்தாலும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

“கெட்டதாவே இருந்தா?” என்று அக்கா கடைசியாகக் கேட்டார். தடிப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் ஹார்மோன் மருந்தில் சரியாகும், செல்லில் மாற்றம் இருந்தால் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வார்கள். புற்றுநோய் என்றாலும், இது இரத்தம் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடும் வகை. நிறையப் பேருக்குக் கர்ப்பப்பையைத் தாண்டாத நிலையிலேயே கண்டுபிடிக்கிறார்கள், ஆபரேஷன்தான் முதல் சிகிச்சை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கும் இடம் உண்டு. அந்த அட்டை எங்கே இருக்கிறது என்று மட்டும் இந்த வாரத்தில் தேடி எடுத்து ஃபைலில் வைக்கச் சொன்னேன். பீரோவில் பழைய ரேஷன் கார்டோடு இருக்கும் என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார்.