எந்தப் ‘பொல்லாதவன்’?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்து வீட்டு அலமாரிகளில் பழைய சினிமா வட்டுகளின் குவியல் இன்னும் கிடக்கும். 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. திருட்டு வட்டு விலைக்கே அசல் கிடைத்தது. 2018-ல் அந்த நிறுவனமே திவாலாகிவிட்டது. வீட்டு பிளேயர்களும் பெரும்பாலும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. வட்டுகளில் இருப்பதை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, வைஃபை வழியாக டிவியிலும் போனிலும் பார்க்க வைப்பதுதான் மீடியா சர்வர் மென்பொருளின் வேலை.

பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் ஆகிய மூன்றும்தான் அதிகம் அடிபடும் பெயர்கள். எம்பி தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது ஜெல்லிஃபின். அதற்குக் கட்டணம் கிடையாது. யாரிடமும் கணக்குத் தொடங்க வேண்டாம். இணையம் அறுந்து கிடக்கும் நாளிலும் வீட்டுக்குள் படம் ஓடும். பிளெக்ஸ் பழகச் சுலபம், கிட்டத்தட்ட எல்லா டிவியிலும் செயலி உண்டு. ஆனால் 2025 ஏப்ரல் முதல், சொந்தப் படங்களையே வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பதற்குக் காசு கேட்கிறது. வாழ்நாள் சந்தாவும் அப்போது 120 டாலரிலிருந்து 250 ஆனது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, வெளியிலிருந்து யார் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான். நம்மூர் பிராட்பேண்ட் பலவற்றில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து சர்வரை நேரடியாக எட்ட முடியாது. டெயில்ஸ்கேல் போன்ற செயலியை இரு முனையிலும் போட்டால் ஜெல்லிஃபினிலும் அது முடியும். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அதைப் போனிலேயே சொல்லிப் புரியவைக்கப் பொறுமை இல்லாதவர்கள் பிளெக்ஸுக்குப் பணம் கட்டிவிடலாம். மற்றவர்களுக்கு ஜெல்லிஃபின் போதும்.

எதை நிறுவினாலும் முதல் வாரம் தலையைப் பிய்ப்பது பெயர்க் குழப்பம்தான். கோப்பின் பெயரை வைத்துத்தான் மென்பொருள் போஸ்டரையும் நடிகர் பட்டியலையும் இணையத்திலிருந்து எடுக்கிறது. வெறும் ‘பொல்லாதவன்’ என்றால் 1980 ரஜினியா, 2007 தனுஷா? ‘படிக்காதவன்’ 1985-லும் உண்டு, 2009-லும் உண்டு. ‘மாப்பிள்ளை’ 1989, 2011. ‘தங்கமகன்’ 1983, 2015. நாலிலும் அதே இருவர். அப்போது மாமனாராக இருந்த ரஜினியின் தலைப்புகளைத் தனுஷ் விட்டுவைத்திருந்தால் சர்வர்காரர்களுக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். படத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, பெயரை ஆங்கில எழுத்தில் தந்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆண்டையும் போடுங்கள். விசிடியில் படம் இரண்டு மூன்று வட்டாகப் பிரிந்திருக்கும். கோப்புப் பெயர்களின் கடைசியில் பார்ட்1, பார்ட்2 என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் ஒரே படமாக வரும். 352×288 புள்ளிகள் கொண்ட விசிடி, 43 அங்குலத் திரையில் தெளிவாகத் தெரிய எந்த மென்பொருளும் உதவாது.

டிவிக்குப் புரியாத வடிவத்தில் கோப்பு இருந்தால் சர்வர் அதை ஓடும்போதே மாற்றித் தர வேண்டும். பழைய லேப்டாப் திணறுவது இங்கேதான். சமீபத்திய இன்டெல் சில்லு உள்ள சின்ன மினி பிசி இதைச் சிரமமின்றிச் செய்யும், இன்வெர்ட்டரிலும் ஓடும். ரவுட்டரையும் அதே இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள்.

முடிச்சூர், வரதராஜபுரம் வாசிகளுக்கு இன்னொன்று. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. ஹார்டு டிஸ்க்கைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். இரண்டாவது பிரதி ஒன்று மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.