உங்களுக்குத் தெரியுமா? மாஸ்க்கும் வைரஸும்

ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர்களுக்கு தாம்பரம் சானடோரியம் என்றால் மின்சார ரயில் நிற்கும் ஸ்டேஷன். அந்தப் பெயர் வரக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. திறந்தவெளிக் காற்றே அன்று பெரிய வைத்தியம். அதற்கும் முன்பு, 1910-11 மஞ்சூரியப் பிளேக்கின்போது, பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன்-டே பஞ்சையும் காஸ் துணியையும் அடுக்கி மாஸ்க் கட்டச் சொல்லிவிட்டார்.

★ என்95 மாஸ்க் வெறும் சல்லடை அல்ல. உருக்கி ஊதிய பாலிப்ரொப்பிலீன் இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். துகளை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். சோதிப்பது சுமார் 0.3 மைக்ரான் துகளை வைத்து. பிடிக்க ரொம்பச் சிரமமான அளவு அதுதான். அதைவிடப் பொடிசு நேராகப் போகாது. தள்ளாடித் தள்ளாடி ஏதாவது ஓர் இழையில் ஒட்டிக்கொள்ளும்.

★ ஆகவே என்95-ஐ சோப்பு போட்டு அலசாதீர்கள். கொடியில் வெள்ளை வெளேரென்று காயும், மின்னூட்டம் மட்டும் போயிருக்கும். 2020-இல் ரேஷன் கடையில் ஆளுக்கு 2 வீதம் கொடுத்தார்களே, அந்தத் துணி மாஸ்க்கைத் தாராளமாகத் துவைக்கலாம்.

★ கொரோனா வைரஸ் பிளாஸ்டிக் மீது 3 நாள் வரை தாக்குப்பிடித்தது. செம்பின் மீது 4 மணி நேரம்தான். செம்பு அயனிகள் வைரஸின் மேலுறையையும் புரதத்தையும் சிதைத்துவிடுகின்றன. இந்தக் குணத்தை நம்பித்தான் ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ., சி.சி.எம்.பி. ஆய்வகங்களும் பெங்களூரு ரெசில் நிறுவனமும் சேர்ந்து, செம்பு நானோ துகள் பூசிய மாஸ்க்கை உருவாக்கின. நம் பக்கத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த மியூஸ் வேரபிள்ஸ் நிறுவனமும் 2020-இல் துணிக்கான நானோ பூச்சில் இறங்கியது.

★ மாஸ்க் அட்டையில் '99.9% வைரஸ் அழியும்' என்று போட்டிருக்கிறதா? துணிக்கான ஐ.எஸ்.ஓ. 18184 சோதனையில் வைரஸைத் துணிமேல் விட்டு வழக்கமாக 2 மணி நேரம் காத்திருப்பார்கள். நாம் இழுக்கும் மூச்சு அத்தனை நேரம் காத்திருக்குமா? மூக்கோரம் இடைவெளி இருந்தால் எந்தப் பூச்சும் உதவாது. பூச்சுக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட, முகத்தோடு ஒட்டி உட்காரும் மாஸ்க்கே மேல் என்பேன்.

★ வால்வு வைத்த மாஸ்க் போட்டவரைக் காக்கும். அவர் விடும் மூச்சோ வடிகட்டாமலே வெளியே வரும். 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை அதை வேண்டாம் என்றது.

★ கொரோனா காலத்தில் மருத்துவர்கள் அணிந்த முழுக் கவச உடையின் தையல்மேல் ஒரு டேப் ஓடும், கவனித்திருக்கிறீர்களா? அலங்காரம் அல்ல. கோவை சிட்ரா ஆய்வகத்தில் அந்த உடையின் துணிமீது செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு செலுத்திப் பார்த்தார்கள். துணி தாங்கினாலும், ஊசி குத்திய ஓட்டை வழியே கசிந்துவிடலாம். அதை அடைக்கத்தான் டேப்.