சட்டக் கல்லூரிக்கு இரண்டு வாசல்கள்: மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் மே மாதத்தில், கச்சிராயபாளையத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, யாராவது ஒரு தகப்பனார் மதிப்பெண் பட்டியலுடன் நம் அருகில் வந்து நிற்பார். "ஹஜ்ரத், புள்ள வக்கீலுக்குப் படிக்கணும்னு சொல்றான். பரீட்சை எழுதணுமாமே, எப்போ?" என்று கேட்பார். அந்தப் பரீட்சை டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு நமக்கு மனம் வராது.

இன்னொரு வகை சந்திப்பு இதைவிட வேதனையானது. எட்டாம் வகுப்போடு மதரஸாவில் சேர்ந்து ஆலிம் ஸனது வாங்கிய ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். பிளஸ் டூ எழுதாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் பி.ஏ. முடித்திருந்தார். மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர விரும்பினார். பட்டம் கையில் இருந்தும் விண்ணப்பிக்கத் தகுதி இல்லை. யாராவது முன்பே சொல்லியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

ஏன் சட்டம்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதைத் தொடர்ந்து, கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து, அடிப்படை வசதிகள் பற்றி அரசிடம் கேள்வி கேட்டது. நம் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் மலை அது. காலம் காலமாகக் கேட்கப்படாத கேள்விகள் ஒரு நீதிமன்ற அறையில் கேட்கப்பட்டன.

நம் மஹல்லாக்களிலும் வக்ஃப் நிலம், பாகப்பிரிவினை, நிக்காஹ் பதிவு, ஜீவனாம்சம் என்று எது வந்தாலும் இறுதியில் ஒரு வழக்கறிஞரைத் தேடித்தான் போகிறோம். நம்மவர்கள் இத்துறைக்குப் புதியவர்களும் அல்ல. நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு.இஸ்மாயில் 1979-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, 1989-ல் பதவியேற்ற ஃபாத்திமா பீவி. பின்னாளில் அவர் தமிழக ஆளுநராகவும் இருந்தார். "பெண் பிள்ளைக்கு எதுக்கு வக்கீல் படிப்பு?" என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பெயர் போதும்.

முதல் வாசல்: நுழைவுத்தேர்வு இல்லை

பலருக்கும் தெரியாத செய்தி இதுதான். தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் சேர நுழைவுத்தேர்வு கிடையாது. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண். அதன்படி தரவரிசை, பிறகு கலந்தாய்வு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இதை நடத்துகிறது. பிளஸ் டூ முடிவுகள் வரும் காலத்தையொட்டி இணையவழி விண்ணப்பம் தொடங்கும். நமக்கு அருகில் விழுப்புரத்திலும் சேலத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன. கட்டணமும் சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியதே.

இங்கே இரண்டு இடஒதுக்கீடுகளை நினைவில் வையுங்கள். ஒன்று, 2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கிடைத்த 3.5 விழுக்காடு. இது ஏழு பிரிவினருக்கு உரியது: அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளை, ஷேக், சையத். சாதிச் சான்றிதழில் 'முஸ்லிம்' என்று மட்டும் இருந்தால் இந்த ஒதுக்கீட்டைக் கோர முடியாது. உட்பிரிவு இருக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். திருத்தம் தேவையென்றால் இ-சேவை மையம், வட்டாட்சியர் அலுவலகம் என்று அலைய நாள் பிடிக்கும்.

இரண்டாவது, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு. 2021-ல் வந்த சட்டத்தின்படி சட்டப் படிப்புக்கும் இது உண்டு. அரசுப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. இடையில் பள்ளியை விட்டால் இந்த வாய்ப்பும் போய்விடும்.

இரண்டாம் வாசல்: கிளாட்

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர கிளாட் எனும் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். நாடு முழுவதும் 20-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இதன் வழியே மாணவர்களைச் சேர்க்கின்றன. நம் மாநிலத்தில் திருச்சியில் ஒன்று இருக்கிறது. பிளஸ் டூவில் 45 விழுக்காடு மதிப்பெண் (எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40) போதும்; பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம்.

காலம்தான் முக்கியம். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர், நவம்பரில் முடிகிறது. தேர்வு டிசம்பர் முதல் ஞாயிறன்று நடக்கிறது. அதாவது, பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வை ஒட்டியே கிளாட் முடிந்துவிடும்.

120 கேள்விகள், 120 நிமிடங்கள். ஆங்கிலம், நடப்புச் செய்திகள், சட்டப் பகுத்தறிதல், தர்க்கம், அடிப்படைக் கணக்கு என ஐந்து பகுதிகள். தவறான ஒவ்வொரு பதிலுக்கும் கால் மதிப்பெண் குறையும். நூறு கேள்விக்குப் பதில் எழுதி 80 சரி, 20 தவறு என்றால், கிடைப்பது 75. கண்ணை மூடிக்கொண்டு குறிப்பது நட்டம்.

சட்டப் பகுதிக்குச் சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதியை அவர்களே தருவார்கள். அதை நிகழ்வில் பொருத்திப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம். விதி: 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. நிகழ்வு: 17 வயது ஸலீம், தனக்கு 20 வயது என்று பொய் சொல்லிக் கடனில் பைக் வாங்குகிறான். ஒப்பந்தம் செல்லுமா? "பொய் சொன்னானே, அவன் கட்டத்தான் வேண்டும்" என்று நம் மனம் சொல்லும். ஆனால் தரப்பட்ட விதியில் பொய்யைப் பற்றி ஒன்றும் இல்லை. எனவே, செல்லாது. சொந்தத் தீர்ப்பை ஒதுக்கிவைத்து விதிக்குள் நிற்பதே இங்கு சோதனை. உஸூலுல் ஃபிக்ஹ் படித்த மாணவர்களுக்கு இது பழகிய பாதைதான்.

உண்மையான தடை ஆங்கிலம். வினாத்தாள் முழுவதும் ஆங்கிலத்தில், நீண்ட பத்திகளாக இருக்கும். தமிழ்வழி மாணவர் பிளஸ் ஒன் தொடக்கத்திலிருந்தே தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வாசித்து, அதன் கருத்தை மூன்று வரியில் எழுதிப் பழகட்டும். நடப்புச் செய்திகளுக்கும் அதுவே பயிற்சி. வாரம் ஒரு முறை பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுத வேண்டும். பெரும் பணம் கொடுத்துப் பயிற்சி மையத்தில் சேர்வதற்கு முன், இதை ஆறு மாதம் செய்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் ஆண்டுக்கு லட்சங்களில் வரும். உதவித்தொகை பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குத் தனி நுழைவுத்தேர்வு நடத்துகிறது. கேரளாவின் மலப்புரத்தில் உள்ள அதன் மையத்திலும் இப்படிப்பு உண்டு. எந்தத் தேர்வு எழுதினாலும், பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கைவிடக் கூடாது. இரண்டாம் வாசல் அடைத்தாலும் முதல் வாசல் திறந்திருக்க அதுதான் வழி.

மதரஸா மாணவர்களுக்கு

இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. அஞ்சல் வழியில் படித்த பிளஸ் டூவோ பட்டமோ தடையல்ல. ஆனால், அடிப்படைத் தகுதி இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டத்தை வைத்துச் சட்டப் படிப்பில் சேர முடியாது. பத்து, பிறகு பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசை உடையக் கூடாது. ஆலிம் ஸனது எவ்வளவு கண்ணியமானதாக இருந்தாலும், இந்த வரிசையில் பிளஸ் டூவின் இடத்தை நிரப்பாது.

எனவே, பிள்ளையை மதரஸாவில் சேர்க்கும் அன்றே நிர்வாகத்திடம் கேளுங்கள்: "பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் எழுத வைப்பீர்களா?" தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. திறந்தநிலைப் பள்ளி வழியே எழுத நினைப்பவர்கள், சேர விரும்பும் கல்லூரியில் அந்தச் சான்று ஏற்கப்படுமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே வரிசை தவறியவர்கள் மனம் தளர வேண்டாம். பத்தும் பிளஸ் டூவும் முறையாக எழுதித் தேறி, புதிதாகத் தொடங்கலாம். முதலில் சொன்ன அந்த இளைஞரிடமும் நாம் இதைத்தான் சொன்னோம். இப்போது அவர் தனித்தேர்வராகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு கோரிக்கை

ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோரை அமர வைத்து, சாதிச் சான்றிதழ்களைச் சரிபார்த்து, விண்ணப்பத் தேதிகளை அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். பெரிய செலவு ஏதுமில்லை. அடுத்த மே மாதம் கண் கலங்கி நிற்கும் ஒரு தகப்பனாவது குறைவார், இன்ஷா அல்லாஹ்.