எழுந்து நில்லுன்னு சொன்னா மார்க் குறையுமா?

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி. நல்லா படிக்கிறது முழுக்க முழுக்க நம்ம மூளையையும் உழைப்பையும் மட்டும் பொறுத்த விஷயமா?

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். ஒன்பதாவது படிக்கும்போது, கணக்கு பீரியட் நடுவுல ஆபீஸ்ல இருந்து ஒரு சர்க்குலர் வந்தது. சார் படிச்சிட்டு, "எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு"ன்னார். நாலு பேர் எழுந்தோம். அவர் திட்டவில்லை, கிண்டல் செய்யவில்லை. பேரை எழுதிக்கிட்டு உட்காரச் சொன்னார். போர்டில் பாதியில் நின்ற கணக்கு தொடர்ந்தது. ஆனா அதுக்கப்புறம் அவர் என்ன நடத்தினார்னு எனக்கு ஞாபகமே இல்லை. யார் யார் திரும்பிப் பார்த்தாங்கன்னு மட்டும் நல்லா ஞாபகமிருக்கு.

"உனக்குக் கூச்ச சுபாவம், அவ்வளவுதான்"னு பின்னாடி ஒரு நண்பன் சொன்னான். நானும் அப்படித்தான் ரொம்ப நாள் நம்பினேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவரின் ஆய்வைப் படிக்கும் வரை.

2004இல் உலக வங்கி ஆய்வறிக்கையாக வந்தது அது. உத்தரப் பிரதேச கிராமங்களில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பையன்கள். காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்கள். சரியாகப் போட்டால் காசு. சில குழுக்களில் யார் என்ன சாதி என்று யாரும் சொல்லவில்லை. அங்கே தலித் பையன்களும் உயர்சாதி எனப்படும் பையன்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குப் போட்டார்கள். வேறு சில குழுக்களில், ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரின் பெயர், அப்பா பெயர், சாதி எல்லாம் சத்தமாக வாசிக்கப்பட்டது. அங்கே தலித் பையன்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தது.

அதே வயசு, அதே மாதிரி புதிர். மாறினது அந்த அறிவிப்பு மட்டும்தான்.

சரி, திருத்துறவங்க பக்கம்? ரேமா ஹன்னா, லீ லிண்டன் 2012இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாள்களின் முகப்பில் சாதி, பாலினம் போன்ற விவரங்களைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதியிருந்த தாள்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் மதிப்பெண் குறைந்தது. வித்தியாசம் சின்னதுதான். ஆனா இதைக் கேளுங்க: குறைத்துப் போட்டதில் பெரும்பங்கு, அதே பிரிவிலிருந்து வந்த ஆசிரியர்களுடையது! கெட்டவங்க யாருன்னு விரல் நீட்டி முடிச்சிடற விஷயமில்லை இது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தடை இன்னும் கண்கூடானது: தூரம். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆய்வின்படி, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32% கூடினார்கள். ஆண்-பெண் இடைவெளி 40% சுருங்கியது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். நம்ம ஊர் பிளஸ் ஒன் சைக்கிளை ஓசின்னு சிரிக்கிறவங்க இதை யோசிக்கணும். காசுள்ள வீட்டில் அப்பா ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுவார். இல்லாத வீட்டில், "வயசுப் பொண்ணு, அவ்வளவு தூரம் தனியா வேண்டாம்"னு படிப்பே நின்றுவிடும். அங்கே வர்க்கமும் பாலினமும் சேர்ந்தே அடிக்குது.

"அப்போ ஸ்காலர்ஷிப்பால்தான் பிரச்சினை, அதையே நிறுத்திடலாமே"ன்னு கமெண்ட் வரும், தெரியும். இல்லைங்க. அந்தப் பணத்தில்தான் நான் நோட்டு வாங்கினேன், ஃபீஸ் கட்டினேன். பிரச்சினை, அதைக் கொடுத்த விதம்.

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றி மாணவரைத் தனியாக அழைத்துத்தான் தலைமையாசிரியர் பேச வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. படிச்சப்போ அந்தக் கணக்கு பீரியட்தான் கண்முன் வந்தது. ஆபீஸ் ரூமுக்கு ஒரு தடவை கூப்பிட்டிருந்தா போதும்.

உங்களில் சிலர் டியூஷன் எடுப்பீங்க, வார இறுதியில் தன்னார்வலராகப் போவீங்க. யாரையாவது "எழுந்திரு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, எதுக்காகச் சொல்றோம்னு ஒரு நொடி யோசிங்க. உங்க வகுப்பில் இப்படி நடந்திருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.