லிங்க் அனுப்பினா மட்டும் கூட்டம் சேராது

டீயை எடுத்துக்குங்க தம்பி, ஆறிடும். கூட்டத்துக்கு லிங்க் அனுப்பியும் நாலு பேர்தான் வந்தாங்க, அவங்களும் வாயைத் திறக்கலைன்னு சொல்றீங்க. மலைக்காரங்களுக்கு ஆர்வமில்லைன்னு முடிவு கட்டிடாதீங்க.

காலை பதினோரு மணிக்கு வெச்சீங்க. மாசி, பங்குனியில அந்த நேரம் ஜவ்வாது மலையில பாதிப் பேர் புளி எடுக்கப் புளியமரத்தடியில இருப்பாங்க. பல வீட்டுல ஒரே போன். அதையும் பையன் ஜமுனாமரத்தூருக்கு எடுத்துட்டுப் போயிருப்பான். பொழுது சாய்ஞ்சு அவன் திரும்பினாத்தான் பொம்பளைங்க கைக்குப் போன் வரும். வெளியூர் வேலைக்குப் போனவங்களுக்கும் ராத்திரிதான் தோது.

அடுத்தது தலைப்பு. ‘பழங்குடியினர் வாழ்வாதார மேம்பாடு’ன்னு போட்டா யார் என்ன பதில் சொல்றது? ‘இந்த வாரம் புளி என்ன விலைக்கு எடுத்தாங்க, கொட்டை எடுத்ததுக்கு எவ்வளவு, எடுக்காததுக்கு எவ்வளவு?’ன்னு கேட்டுப் பாருங்க. எல்லார்கிட்டயும் பதில் இருக்கு. ஒருத்தர் சொன்னதும் இன்னொருத்தர், ‘எங்க ஊர்ல அதைவிடக் குறைச்சல்’ம்பார். எடைக்கல், வியாபாரி, முன்பணம்னு பேச்சு தானா வளரும். நீங்க நினைச்ச மேம்பாடு அங்கதான் இருக்கு. கேள்வியை முந்தின நாளே சொல்லிடணும்; வீட்டுல கலந்து பேசிட்டு வருவாங்க.

கேள்வியைக் குறிப்பா வைக்கிறதுக்கு இன்னொரு உதாரணம் சொல்றேன். 2025 அக்டோபர் 11-ஆம் தேதி கிராம சபை நடந்தது. முதலமைச்சர் சென்னையிலிருந்து காணொளியில பேசினார். ஒவ்வொரு ஊரும் தன் முக்கியமான மூணு தேவையைச் சொல்லணும்னு கேட்டாங்க. ‘குறைகளைச் சொல்லுங்க’ன்னு பொதுவா கேக்குறதைவிட இது நல்ல ஏற்பாடு. மூணுன்னதும் எது முதல்லன்னு பேசியே ஆகணும்.

இன்னொரு சிக்கல். நேர்ல உட்கார்ந்தா யார் பேச வாயெடுக்கிறார்னு தெரியும். போன்ல ரெண்டு பேர் ஒண்ணாப் பேசி, ரெண்டு பேரும் நிறுத்திடுவாங்க. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்துல 1980-களிலேயே இதுக்கு ஒரு வழி செஞ்சு பார்த்தாங்க: ஆளுக்கொரு கணினி, எல்லாரும் ஒரே நேரத்துல தட்டச்சு செய்யலாம், முறைக்குக் காத்திருக்க வேண்டாம். நம்ம மலையில அந்த வேலையை வாட்ஸ்அப் குரல்பதிவு செய்யும். எழுதத் தெரியணும்னு இல்லை. டவர் கிடைக்கிற மேட்டுக்கு ராத்திரியில போகவும் வேண்டாம். வீட்டுலயே பேசிப் பதிஞ்சு வெச்சா, பகல்ல போனோட அந்தப் பக்கம் போறவங்க அனுப்பிடலாம். கூட்டத்துல முதல்ல அந்தப் பதிவுகளைப் போட்டுக் காட்டிட்டு, அப்புறம் பேச விடுங்க.

அடுத்த கூட்டத்துக்கு நேரத்தை நீங்க குறிக்காதீங்க தம்பி. ஊருக்குள்ள போய், எப்போ போன் உங்க கையில இருக்கும்னு முதல்ல பொம்பளைங்ககிட்ட கேளுங்க.